வலியைச் சொல்லப் பழக்கும் படக்கதைகள்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் குழந்தை இடறி விழுந்து அழுதால் பெரியவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "ஒண்ணும் இல்லல, எந்திரி" என்பார்கள். அல்லது விழுந்த தரையை ஓங்கி அடித்து, "தரைய அடிச்சாச்சு பாரு" என்று சமாதானம் செய்வார்கள். அல்லது "சொன்ன பேச்சு கேக்கல, அதான் சாமி தள்ளிட்டு" என்பார்கள். மூன்றும் அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆனால் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்ற கேள்வி மூன்றிலும் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டு வளராத குழந்தை அவற்றுக்குப் பதில் சொல்லவும் பழகுவதில்லை. பிற்பாடு மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டிய நோவு ஒன்று வரும்போது, "வயிறு வலிக்கு" என்பதற்கு மேல் சொல்ல அதனிடம் சொல் இருப்பதில்லை.

இந்தக் குறையைப் போக்கப் படக்கதை நல்ல துணை. தன் உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் குழந்தையும் படத்தில் இருக்கும் பிள்ளையின் உடம்பைப் பற்றித் தாராளமாகப் பேசும். அங்கன்வாடிப் பணியாளர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், நூலகங்களில் கதை சொல்ல முன்வருவோர், பெற்றோர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் உறுதி வேண்டும்: பிள்ளையை வலி பொறுக்கப் பழக்குவதற்காக இந்தக் கதைகளைச் செய்யக்கூடாது. தனக்கு வலிக்கிறது என்பதைச் சொல்லலாம், சொன்னால் நம்புவார்கள் என்று குழந்தை அறிந்துகொள்வதற்காகவே இவற்றைச் செய்கிறோம்.

வரைவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

வலியைப் பற்றிய பன்னாட்டு ஆய்வுச் சங்கம் 1979இல் தான் வெளியிட்ட வரையறையை 2020இல் திருத்தியபோது, அதனுடன் சில விளக்கக் குறிப்புகளையும் சேர்த்தது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவருக்கு வலியே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது என்பது இன்னொன்று. கதை எழுதுபவர் இந்த இரண்டையும் விட்டு விலகக்கூடாது. காயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலி உண்மை என்று எண்ணும் பெரியவர் உங்கள் கதையில் வரலாம். ஆனால் அவர் சொன்னதே சரி என்று கதை முடியக்கூடாது.

உடம்பில் நடப்பதையும் எளிய அளவில் தெரிந்துகொள்ளுங்கள். காலில் முள் குத்தினால் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகிறது. இதற்கு இரண்டு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. ஒரு வகை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கொண்டுபோகும். மற்றொன்று நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் மெல்லக் கொண்டுபோகும். முதலில் சுருக்கென்று குத்தி, சற்றுப் பொறுத்து உளைச்சலாகப் பரவுவது இதனால்தான். இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கும் காரணம் உண்டு. தொடுதலைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைத் தணிக்கக்கூடும் என்ற கருத்தை ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த அமைப்பின் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டிருந்தாலும், தடவிக்கொடுப்பது உண்மையிலேயே உதவுகிறது என்பதைப் பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்லலாம்.

காயமே இல்லாமலும் வலிக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த மிளகாய் போதும். பச்சை மிளகாய் நறுக்கிய கை எரிகிறது. ஆனால் கையில் புண் இல்லை, சூடும் படவில்லை. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே உணர்வி, மிளகாயின் காரப்பொருளாலும் தூண்டப்படுகிறது. டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு அந்த உணர்வியை 1997இல் அடையாளம் கண்டது. அந்தத் துறையில் செய்த பணிக்காக அவரும் ஆர்டெம் படபூட்டியனும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளைகளின் கையில் மிளகாயைத் தேய்த்துக் காட்ட வேண்டாம். "யாருக்கெல்லாம் கை எரிஞ்சிருக்கு?" என்று கேட்டாலே எல்லாக் கைகளும் உயரும்.

எட்டு வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல எனக்கு மிகவும் உதவும் ஒப்புமை வாசலில் படுத்திருக்கும் நாய். அது திருடனைக் கண்டும் குரைக்கும், காய்ந்த ஓலை விழுந்தாலும் குரைக்கும். ஒருமுறை மிரண்டுவிட்டால் சில நாட்களுக்குத் தெரிந்த ஆளைக் கண்டும் குரைக்கும். ஆகவே குரைப்பைக் கேட்டதும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தபின் ஒன்றும் இல்லையென்றால் நாயை அடிக்காமல் அமைதிப்படுத்த வேண்டும். புண் ஆறிய பிறகும் சிலருக்கு வலி நீடிப்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

"வலியே இல்லாம இருந்தா நல்லதுதான?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1946 முதல் வேலூரில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் கைகால் சிதைவுக்குப் பெரும் காரணம், நோயால் உணர்வு மரத்துப்போய், சூடும் கல்லும் ஆணியும் பட்டது தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதே என்று அவர் எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன தாத்தா, செருப்புக்குள் கிடந்த கல்லை உணராமல் நடந்து புண்ணாக்கிக்கொண்ட கதை பல பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

எந்த நிகழ்ச்சியைக் கதையாக்குவது

புதிதாக எழுதுபவர்கள் அனைவரும் தவறாமல் எழுதுவது ஒரே கதைதான். மரத்தில் ஏறாதே என்று அம்மா சொல்கிறாள், பையன் ஏறுகிறான், விழுந்து கையை ஒடித்துக்கொள்கிறான், இனி அம்மா பேச்சைக் கேட்பேன் என்கிறான். தயவுசெய்து இந்தக் கதையை எழுதாதீர்கள். வலி என்பது தான் செய்த தப்புக்குக் கிடைத்த தண்டனை என்று நம்பும் இயல்பு மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்" என்று வளர்ந்த குழந்தைக்குக் கண் வலித்தால், அது முதலில் தேடுவது தான் சொன்ன பொய்யைத்தான். தண்டனை என்று நம்பிய வலியை எந்தக் குழந்தையும் வெளியே சொல்லாது. நாம் செய்யும் கதை அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமே தவிர இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கக்கூடாது. பிள்ளை சொல்பேச்சு கேட்டபோதும் முள் குத்தட்டும். நல்ல பிள்ளைக்கும் பல் வலிக்கட்டும்.

பிள்ளைகள் அன்றாடம் காண்பவற்றிலிருந்தே நிகழ்ச்சியை எடுங்கள். பனை மட்டையின் கருக்குக் கையைக் கிழிப்பது, உடைமுள் ஏறுவது, இரவில் கெண்டைக்கால் உளைவது, சொத்தைப்பல், காதுவலி, தடுப்பூசி ஆகியவை போதும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடித்தட்டை மடியில் வைத்து நாள் முழுவதும் குனிந்திருக்கும் அம்மாவின் கழுத்துவலியும் ஒரு கதைதான்; பெரியவர்களும் தம் வலியைச் சொல்லலாம் என்று பிள்ளை காண்பது நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்குழந்தைகளுக்கு மாதவிடாய் வயிற்றுவலியைப் பற்றி ஒரு கதை கட்டாயம் இருக்க வேண்டும். அதை மற்றக் கதைகளோடு சேர்த்தே வையுங்கள். தனியே ஒளித்து வைத்தால், அது ஒளிக்க வேண்டிய செய்தி என்றே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

ஒரு மாதிரிக் கதை

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் கதை ஒன்றைப் பக்கம் பக்கமாகத் தருகிறேன். அட்டையில் இசக்கி என்னும் ஏழு வயதுச் சிறுமியும் ஓர் ஆட்டுக்குட்டியும். இரண்டாம் பக்கத்தில் அவள் ஆச்சி சொன்னபடியே ஆட்டுக்குட்டியைத் தேடி உடங்காட்டுக்குப் போகிறாள். மூன்றாம் பக்கத்தில் சுருக்கென்று குதிகாலில் முள். நான்காம் பக்கத்தில் முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்துவிடுகிறது. ஊசியால் கிண்டுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் குதிகாலைத் தூக்கி நடக்கிறாள். ஐந்தாம் பக்கம் இரவு. எல்லோரும் தூங்க, அவள் கால் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆறாம் பக்கத்தில் ஆச்சி, "என்னட்டி, கால ஒரு மாதிரி வைக்க? எங்க வலிக்கு?" என்று கேட்கிறாள், இசக்கி தொட்டுக் காட்டுகிறாள். "எப்படி வலிக்கு?" "விண்ணு விண்ணுன்னு தெறிக்கு ஆச்சி." "எவ்வளவு வலிக்கு?" "தூங்க முடியாத அளவுக்கு." ஏழாம் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா, "கொஞ்சம் வலிக்கும், நீ சொன்னா நிறுத்திக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு முள்ளை எடுக்கிறார். எட்டாம் பக்கத்தில் முள் போய்விட்டது. கால் இன்னும் கொஞ்சம் கடுக்கிறது. ஆச்சியின் தோளைப் பிடித்து நடக்கிறாள்.

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஆச்சி ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று திட்டுவதில்லை. நர்சம்மா வலிக்காது என்று பொய் சொல்வதில்லை. முள் எடுத்த உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை முடிவதில்லை, ஏனென்றால் உண்மையில் அப்படி ஆவதில்லை. முடிவில் ஏமாற்றினால் அடுத்த முறை வலி உடனே போகாதபோது குழந்தை பயப்படும்.

கதை நடையை நீங்கள் பொதுத் தமிழில் எழுதினாலும் பேச்சை நம் பேச்சாகவே விட்டுவிடுங்கள். குத்துது, எரியுது, காந்துது, கடுக்கு, உளையுது, இழுத்துப் பிடிக்கு, மரத்துப் போச்சு என்று பிள்ளைகள் வீட்டில் கேட்கும் சொற்களே மருத்துவருக்கும் பயன்படும். விட்டு விட்டு இழுத்துப் பிடிக்கும் வயிற்றுவலியையும் விடாமல் ஒரே இடத்தில் குத்தும் வயிற்றுவலியையும் அவர் ஒன்றாகக் கருதமாட்டார்.

மடித்தலும் வரைதலும்

ஏ4 தாள் ஒன்றை நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் இருமுறையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடுமடிப்பின் நடுவிலுள்ள இரண்டு கட்ட நீளத்தை மட்டும் கத்தரித்து, தாளை நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் ஒட்டாமல் தைக்காமல் எட்டுப் பக்கப் புத்தகம் உருவாகும். பக்கம் ஒன்று ஏறத்தாழ 7.4க்கு 10.5 செ.மீ. இருக்கும், ஒரு பிள்ளையின் கைக்கு இது சரியான அளவு. வகுப்பு முழுவதும் பார்க்க வேண்டுமானால் சார்ட் தாளில் இதே முறையில் பெரிதாகச் செய்யுங்கள். பக்கங்களின் வரிசை மடித்த பிறகே தெளிவாகும் என்பதால், முதலில் வெற்றுத் தாளை மடித்து எண்களைப் போட்டுப் பாருங்கள், பிறகு வரையுங்கள்.

மனிதர்களைக் கோட்டுருவமாக வரைந்தால் போதும். கண்ணும் புருவமும் வாயும் மட்டும் கவனமாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத வலியை எப்படி வரைவது என்பதே இங்கே உண்மையான வேலை. குத்தலுக்குக் கூரிய கோணல் கோடு, விண்விண்ணென்று தெறிப்பதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், எரிச்சலுக்கு நெருக்கமான சிவப்புக் கீறல்கள், உளைச்சலுக்குக் கலங்கிய சாம்பல் பூச்சு, மரத்துப்போனதற்கு இடைவிட்ட புள்ளிகள் என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகங்களிலும் அதையே பின்பற்றுங்கள். சில நாட்களில் பிள்ளைகள் தாங்களே அந்தக் கோடுகளைப் போட்டுத் தம் வலியைக் காட்டத் தொடங்குவார்கள். வலியைப் பேயாகவோ அரக்கனாகவோ வரைய வேண்டாம். பேய் தன் உடம்புக்குள் இருக்கிறது என்று எண்ணும் குழந்தை இரவில் தூங்காது. இரத்தத்தையும் பெரிதாகக் காட்டத் தேவையில்லை. மருத்துவமனையை வரையும்போது பிள்ளைகள் போகக்கூடிய இடத்தையே வரையுங்கள்: ஊரின் சுகாதார நிலையம், அல்லது பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தும் அதன் நெரிசலும்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பள்ளிகள் நடந்துவருகின்றன. ஆகவே நம் பகுதியில் இந்த வேலையைச் செய்பவர் அவர்களையும் நினைக்க வேண்டும். பார்வையற்ற பிள்ளைகளுக்கு உப்புத்தாள், பஞ்சு, முடிச்சிட்ட நூல், கோரைப் பாயின் துண்டு ஆகியவற்றைப் பக்கத்தில் ஒட்டி, தடவி உணரும் வலிப் படங்களைச் செய்யலாம். காது கேளாதவர்களுக்குச் சொற்களைக் குறைத்து முகத்தைப் பெரிதாக வரையலாம்.

படித்துக் காட்டுதல்

நம் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடுபவர் ஒரு வரியைச் சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" என்பார் அல்லவா? அந்த முறையைக் கதை வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். "இசக்கிக்கு முள் குத்திட்டு" என்றதும் பிள்ளைகள் "ஆமா" என்பார்கள். அவர்கள் கதைக்குள் வந்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தி, "இப்ப இசக்கி யார்ட்ட சொல்லலாம்?" என்று கேளுங்கள். பதில்கள் உங்களைக் கலங்கவைக்கலாம்; யாரிடமும் சொல்லமாட்டாள், சொன்னால் அடிப்பார்கள் என்று ஒரு குழந்தை சொல்லும். திருத்த அவசரப்படாமல், "அப்ப யார்ட்ட சொன்னா அடிக்க மாட்டாங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போங்கள். ஒரே அமர்வில் ஒரே கதை. அழும் பையனைப் பார்த்து யாராவது "ஆம்பளப் பிள்ள அழலாமா" என்றால், அழலாம் என்று அந்த இடத்திலேயே, எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

கதை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பக்கமும் பின்பக்கமும் காட்டும் உடம்பின் கோட்டுப்படம் ஒன்றைக் கொடுத்து, எப்போதோ வலித்த இடத்தில் பழகிய கோடுகளால் வரையச் சொல்லுங்கள். அளவைக் காட்டுவதற்கு முகங்களின் வரிசை உதவும். 2001இல் வெளியான திருத்தப்பட்ட முக அளவுகோலில் ஆறு முகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 0, 2, 4, 6, 8, 10 என்று மதிப்பு. அதில் முதல் முகம் சிரிக்காது, கடைசி முகத்தில் கண்ணீரும் இருக்காது. சிரிப்பையும் கண்ணீரையும் போட்டால் பிள்ளைகள் வலியை விட்டுவிட்டு மகிழ்ச்சியையும் துக்கத்தையும் அளக்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் வரையும் வரிசையிலும் இதைப் பின்பற்றுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் "கொஞ்சம்", "நெறய" என்ற இரண்டே போதும். எட்டு வயதுக்கு மேல் எண்ணாலேயே சொல்ல முடியும். குழந்தை எட்டு என்று சொன்னால் எட்டு என்றே எழுதுங்கள், அது சிரித்துக்கொண்டிருந்தாலும்.

ஊசி நாளுக்கு முன்

தடுப்பூசி அட்டவணைப்படி 5 வயதிலும் 10 வயதிலும் 16 வயதிலும் ஊசி உண்டு. பள்ளிக்கே வந்து போடுவதும் வழக்கம். ஊசிக் கதையை முந்தின நாளே படியுங்கள். குறும்பு செய்தால் ஊசி போட்டுவிடுவேன் என்று மிரட்டுவதை வீட்டிலும் பள்ளியிலும் அடியோடு நிறுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டுதல், குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளவும் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடவும் பரிந்துரைக்கிறது. கதைப் படத்திலும் அப்படியே வரையுங்கள்: அம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றாடியை ஊதிச் சுழலவிடும் பிள்ளை. சுருக்கென்று குத்தும், பத்து எண்ணுவதற்குள் குறையத் தொடங்கும், மறுநாள் கை கடுக்கலாம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும்.

பிள்ளை வாய் திறந்தபின்

கதை தன் வேலையைச் செய்தால், மறைத்துவைத்த வலிகள் வெளியே வரும்; அதற்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரவில் இரண்டு கெண்டைக்காலும் உளைந்து, காலையில் ஓடி விளையாடும் குழந்தைக்குத் தடவிக்கொடுப்பதும் கவனித்துவருவதும் பெரும்பாலும் போதும். ஆனால் ஒரே காலில் வலித்து நொண்டினாலோ, காய்ச்சலும் வாந்தியுமாக அடிவயிற்றின் வலப்பக்கம் வலித்தாலோ, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பையனுக்குத் திடீரென்று விதைப்பையில் கடும் வலி வந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடாது. கூச்சத்தால் அதை வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, எனவே உடம்புப் படத்தில் எந்த உறுப்பையும் விட்டுவிடாமல் வரையுங்கள். தேள் கொட்டி, வியர்வையும் வாந்தியும் கைகால் குளிர்வதும் சேர்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

உடம்புப் படத்தில் ஒரு குழந்தை மறைவிடத்தில் வலியை வரைந்தாலோ, யாரோ வலிக்கச் செய்ததாகச் சொன்னாலோ, எல்லோர் முன்னும் துருவிக் கேட்காதீர்கள். தனியே, அமைதியாக, "சொன்னது நல்லது, நான் நம்புறேன்" என்று சொல்லுங்கள். அது சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதிவையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது: பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தெரியவந்ததைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நேரத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரவு பகல் எப்போதும் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணைப் புத்தகத்தின் பின்னட்டையில் பிள்ளைகள் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதிவிடுங்கள்.